மேளத்தைக் கூறுபோடுதல்

பழைய மேளக் கச்சேரி ஒலிநாடாக்களைத் தூசி தட்டி எடுத்து, இறுவட்டாகவோ இணையத்தில் கேட்கத்தக்க கோப்பாகவோ வெளியிட விரும்பி யாழ்ப்பாணத்து ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றை நாடிச் செல்பவர் எவராயினும், அவருக்கு முதலிலும் முடிவிலும் கிடைக்கும் உபதேசம் ஏறக்குறைய ஒன்றே: மாஸ்டரிங் என்னும் இறுதிப் பக்குவத்தில் ஒலியை ‘மல்டிபாண்ட் கொம்பிரசர்’ வழியே செலுத்தியே தீரவேண்டும், செலுத்தாவிட்டால் தவில் நாதஸ்வரத்தை விழுங்கிவிடும், நாதஸ்வரம் காதைக் குத்தும், கைத்தொலைபேசியில் கேட்பவர் அரை நிமிடத்தில் நிறுத்திவிடுவார். இந்த அபிப்பிராயம் நம்மூர்க் கணினியின் முன்னிருக்கும் இளைஞருக்கு மாத்திரம் உரியதன்று. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் இருந்துகொண்டு இவ்வெளியீடுகளின் செலவை மனமுவந்து ஏற்கும் அன்பர்களும் அவ்வாறே எண்ணுகிறார்கள். வித்துவான்களின் பிள்ளைகளிற் சிலருங்கூட, தந்தையாரின் வாசிப்பு ‘இந்தக் காலத்துக்கு ஏற்றபடி’ ஒலிக்கவேண்டும் என்னும் நியாயமான ஆசையினால் அதற்கு உடன்படுகிறார்கள். எல்லோரும் ஒப்புக்கொண்ட கொள்கையை மறுத்தெழுதுவது சற்றே அசௌகரியமான காரியந்தான். ஆயினும் மேள இசையைப் பொறுத்தவரை இக்கொள்கை அடியோடு பிழையானது என்பதும், ஒரு நோய்க்குரிய மருந்தை நாளாந்த உணவாக்கிக்கொண்ட விபரீதம் இது என்பதும் என் துணிபு.

கருவியின் சுபாவத்தை அறியாமல் அதன் குணதோஷங்களைப் பேசுவதிற் பயனில்லை. சாதாரண அமுக்கி, ஒலி ஒரு குறித்த எல்லையைத் தாண்டும்போது முழு ஒலியையும் ஒருங்கே தாழ்த்தி, எல்லைக்குள் வந்ததும் விட்டுவிடுகிறது. மல்டிபாண்ட் கொம்பிரசரோ அப்படியன்று. முதலில் ஒலியை வடிகட்டிகளால் மூன்றோ நான்கோ ஐந்தோ பட்டைகளாகப் பிரிக்கிறது. கீழ்ச்சுருதிக்கு ஒன்று, நடுவுக்கு ஒன்றிரண்டு, மேலுக்கு ஒன்று என்றாற்போல. பின்னர் ஒவ்வொரு பட்டைக்கும் தனி எல்லை, தனி விகிதம், பிடிக்கும் வேகமொன்று, விடும் வேகமொன்று என வகுத்து, ஒன்று செய்வதை மற்றொன்று அறியாதபடி அவற்றைத் தனித்தனியே தாழ்த்தியும் விட்டும், ஈற்றில் எல்லாவற்றையும் மீண்டும் ஒன்றாக்கி வெளியே அனுப்புகிறது. ஒரே தேரின் வடங்களை, ஒருவரையொருவர் காணாத ஐந்து கூட்டத்தார் தத்தமக்குத் தோன்றிய நேரத்தில் இழுப்பதுபோன்ற ஏற்பாடு இது. தேர் நகரத்தான் நகரும். ஆனால் நேராக வருமென்று எவரும் உத்தரவாதம் கொடுக்க இயலாது. அமுக்கம் சிறிதும் நிகழாத வேளையிலுங்கூட வழக்கமான வடிகட்டிகளைக் கடந்த ஒலி தன் அலைவடிவம் மாறியே வெளிவருகிறது. இதைத் தவிர்க்க இயற்றப்பட்ட மறுவகை வடிகட்டிகளிலோ தட்டு விழுவதற்குச் சற்று முன்னரே அதன் அதிர்வு மெல்லத் தொடங்கிவிடும் தோஷம் உண்டு. தவிலைப் போன்ற தாளக்கருவிக்கு இவ்விரண்டில் எது குறைந்த தீங்கு என்று வாதிடலாமேயன்றி, தீங்கே இல்லையென்று வாதிட வழியில்லை.

இக்கருவி பிறந்த இடத்தையும் நினைத்துப் பார்க்கவேண்டும். 1960களின் நடுவில் ரே டொல்பி ஒலிநாடாவின் இரைச்சலைக் குறைப்பதற்காக இயற்றிய முறையும் ஒலியை நான்கு பட்டைகளாகப் பிரித்ததே. ஆனால் அது பதியும்போது அமுக்கியதை ஒலிக்கும்போது அதே அளவில் விரித்து, செய்த மாற்றத்தைத் தானே நீக்கிவிடும். போன வழியே திரும்பி வரும் ஒழுங்கு அதில் இருந்தது. இன்று மாஸ்டரிங்கில் வழங்கும் பட்டை அமுக்கத்திற்குத் திரும்பும் வழி இல்லை. இதன் நேரடி முன்னோர்கள், 1970களில் அமெரிக்க வானொலி நிலையங்களுக்காக மைக் டொரோ ஆக்கிய மூன்று பட்டைக் கருவியும், அதனைத் தொடர்ந்து வந்த பொப் ஓர்பனின் ஒப்டிமோட் வரிசையுமே. அந்நிலையங்களின் தேவை வேறு. ஓடும் மோட்டார் வண்டியின் இரைச்சலையும் மீறித் தம் ஒலி கேட்கவேண்டும். வானொலிப் பெட்டியின் முள்ளைத் திருப்பும் ஒருவர் பக்கத்து நிலையத்தைவிடத் தம்முடையதே உரத்திருப்பதாக உணரவேண்டும். பாட்டும் விளம்பரமும் செய்தியும் ஒருவர் கையும் படாமல் ஒரே மட்டத்தில் ஓடவேண்டும். அங்கே அது செய்த சேவையை நான் மறுக்கவில்லை. பிறகு 1996இல் டென்மார்க்கு நாட்டு டிசி எலெக்ட்ரொனிக் நிறுவனத்தின் ‘ஃபைனலைசர்’ இவ்வித்தையைச் சிறிய கூடங்களின் விலைக்கு இறக்கிவிட்டது. அதன்பின் கணினி மென்பொருளாகவும் வந்து, இன்று மாஸ்டரிங் என்று பெயர் சொன்னவுடன் வரிசையில் தானாகவே போய் உட்கார்ந்துகொள்கிறது. வானொலிக்காரன் அவசரத்துக்குக் கண்டுபிடித்த உபாயம், அவசரம் ஏதுமற்ற நம் கூடங்களில் சம்பிரதாயமாக நிலைத்துவிட்டது இவ்வாறுதான்.

இனி அவர்களுடைய பிரதான நியாயத்துக்கு வருவோம். “தவில் கீழ்ப்பட்டையில் இருக்கிறது, நாதஸ்வரம் மேற்பட்டையில் இருக்கிறது, கீழ்ப்பட்டையை மட்டும் பிடித்தால் நாதஸ்வரத்தைத் தொடாமலே தவிலை அடக்கலாம்” என்பது அது. கேட்பதற்கு மிக நேர்த்தியான நியாயம். ஆனால் வாத்தியங்கள் பட்டைகளில் வசிப்பதில்லை. தவிலின் தொப்பியிலே பூவரசங் கழி விழும்போது எழும் முழக்கத்தின் அடிப்பாகம் 200 ஹேர்ட்ஸுக்குக் கீழே இருப்பது மெய்யே. எனினும் கழி தோலைத் தொடும் அந்தக் கணத்தின் வெடிப்பு, அதே அடியின் ஒரு பாகமாய், பல ஆயிரம் ஹேர்ட்ஸ் வரை விரிந்து கிடக்கிறது. வலந்தலையிலே விரற்கூடுகள் எழுப்பும் ‘கி’, ‘ட’ முதலிய சொற்கள் நாதஸ்வரத்தின் நாதம் செறிந்திருக்கும் பிரதேசத்திலேதான் ஒலிக்கின்றன. ஆகவே கீழ்ப்பட்டையைப் பிடித்தவுடன் நிகழ்வது தவில் அடங்குவதன்று. ஒவ்வொரு தொப்பியடியும் இரண்டாகப் பிளந்து, அதன் வயிறு தாழ்ந்து, தலை மாத்திரம் மேலே நிற்பதே. வெளியீடு முழுவதும் பலகையில் தட்டுவதுபோன்ற ஒரு வறட்டொலி பரவியிருப்பதைக் கேட்டிருப்பீர்கள். அது பழைய நாடாவின் குறையென்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். மூலநாடாவைக் கேட்டால் அங்கே பலா மரத்துக் கட்டையின் முழக்கம் மங்கலாயினும் முழுமையாகவே இருக்கும்.

அந்த வறட்டொலி காதுக்குப் புலப்பட்டதும் அதே கூடத்தில் செய்யப்படும் இரண்டாவது பரிகாரம், மேற்பட்டையையும் பிடிப்பது. தலையையும் அமுக்கினால் உடல் சரியாகிவிடும் என்பது கணக்கு. ஆனால் மேற்பட்டையில் நாதஸ்வரம் இருக்கிறதே! வலந்தலையின் ஒவ்வொரு தட்டுக்கும் அந்தப் பட்டை தாழ, தாழும் ஒவ்வொரு முறையும் நாதஸ்வரத்தின் ஒளி மங்கி மீள்கிறது. நாதஸ்வரத்தைத் தொடாமல் தவிலை அடக்குவோம் என்று புறப்பட்டவர்கள், தவிலின் கையாலேயே நாதஸ்வரத்தின் குரலை அசைக்கும் நிலைக்கு வந்துசேர்கிறார்கள்.

நாதஸ்வரத்தின் விஷயம் இதனினும் நுட்பமானது. இரண்டு, இரண்டரைக் கட்டையில் வாசிக்கும் பாரி நாதஸ்வரத்தின் மத்தியஸ்தாயி சட்ஜம் ஏறத்தாழ 300 ஹேர்ட்ஸில் நிற்கிறது. தாரஸ்தாயி சட்ஜம் அதனின் இருமடங்கு, அதாவது 600 அளவில். மென்பொருளில் நடுப்பட்டையின் எல்லைக்கோடுகளைப் பெரும்பாலோர் எங்கே போடுகிறார்கள் என்று பாருங்கள்: 500, 600, 800 என்று அந்த வாத்தியம் உலாவும் வீதியின் நட்டநடுவிலேதான். அளவெட்டி என். கே. பத்மநாதன் போன்ற ஒரு வித்துவான் தோடியிலோ பைரவியிலோ காந்தாரத்தை அசைக்கும்போது, அது ஒரு புள்ளியில் நிற்பதில்லை என்பதும், ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கி, தயங்கி, திரும்பி வருவதே அதன் ஜீவன் என்பதும் ராக ஞானம் சிறிதுள்ளவர்க்கும் தெரியும். அவ்வசைவின் பாதி ஒரு பட்டையிலும் மறுபாதி இன்னொன்றிலும் விழும்போது, இரு பட்டைகளும் வெவ்வேறு அளவில் தாழ்ந்திருக்கும் காரணத்தால், சுரம் எல்லைக்கோட்டைத் தாண்டும் ஒவ்வொரு முறையும் அதன் கனமும் நிறமும் மாறுகின்றன. சீவாளியிலே உதட்டின் அழுத்தத்தைக் கூட்டியும் குறைத்தும் வித்துவான் செய்த சூட்சுமம் ஒருபுறமிருக்க, அவர் செய்யாத வேறொரு சூட்சுமம் அதன்மேல் ஏறிக்கொள்கிறது. ஐரோப்பியப் பியானோவில் ஒவ்வொரு சுரமும் தனித்தனிப் படியாக நிற்பதால் இக்குறை சற்று மறைந்துபோகலாம். சுரங்களுக்கு இடையிலுள்ள வெளியையே சங்கீதமாகக் கொண்ட நமக்கு மறைய இடமில்லை.

லயத்தின் கதையைக் கணக்கோடு சொல்வதே உத்தமம். நிமிடத்துக்கு 120 அட்சரமாக ஓடும் காலப்பிரமாணத்தில், அட்சரத்துக்கு எட்டுச் சொல் விழுவதாகக் கொள்வோம். நல்ல தவில் வித்துவானுக்கு இது பெரிய வேகமன்று. விநாடிக்குப் பதினாறு சொல். ஒரு சொல்லுக்கும் அடுத்ததற்கும் இடையில் 62.5 மில்லி விநாடி. கீழ்ப்பட்டையின் விடும் வேகம் 200 மில்லி விநாடி என்றும், மேற்பட்டையினது 60 என்றும் வைப்பது சர்வ சாதாரணம். அப்படியானால் மேற்பட்டை ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னர் பெரும்பாலும் மீண்டுவிடுகிறது. கீழ்ப்பட்டையோ அடுத்த மூன்று சொற்கள் விழுந்தும் மீளாமல் தாழ்ந்தே கிடக்கிறது. விளைவு யாது? ஒரே ‘தோம்’ கோர்வையின் தொடக்கத்தில் பருத்தும், நடுவில் மெலிந்தும், சிறிய கார்வைக்குப் பின்னர் மீண்டும் பருத்தும் ஒலிக்கிறது. கைகளில் சமமாக இருந்தது நாடாவைக் கடந்து வரும்போது சமமற்றதாகிறது; கையில் வேண்டுமென்றே வைத்த அழுத்தம் எங்கோ கரைந்துபோகிறது; கையில் இல்லாத ஓர் அழுத்தம் கார்வையின் முடிவிலே முளைக்கிறது. இணுவில் தந்த தவில் வித்துவான் யாழ்ப்பாணம் வி. தெட்சணாமூர்த்தி (1933–1975) அவர்களைத் தமிழகத்து வித்துவான்களும் ரசிகர்களும் வியந்து கொண்டாடியது, கணக்கின் கடினத்துக்காக மாத்திரமன்று; எத்துணை விரைவிலும் ஒவ்வொரு சொல்லும் தன் உருவம் கெடாமல் விழும் அந்தத் தெளிவுக்காகவுமே. நாற்பத்திரண்டு வயதைக்கூட எட்டாது மறைந்த அம்மேதையின் வாசிப்பை நாம் அறிய இன்று எஞ்சியிருப்பவை ரசிகர்கள் பதிந்து கைமாற்றிக் காத்த நாடாக்களே. அவருடைய சொல்லுக்கு யந்திரம் இட்ட அழுத்தத்தை அவர் இட்டதென்று நம்பி, நாளை ஒரு மாணவன் அதையே சாதகம் செய்வானாயின், அந்தப் பிழைக்கு விலை என்ன?

பெரிய மேளம் திறந்த வெளிக்குப் பிறந்த சங்கீதம். சுவாமி வாசலைக் கடந்து வீதிக்கு எழுந்தருளும்போது வாசிக்கும் மல்லாரிக்கும், நடுநிசி கடந்து பள்ளியறை வாசலில் வாசிக்கும் நீலாம்பரிக்கும் இடையிலுள்ள தூரம் ராக பேதம் மாத்திரமன்று. ஒலியின் அளவிலே அமைந்த தூரமும் ஆகும். நல்லூரில் 25 நாள் மகோற்சவத்தின்போது மேற்கு வீதியில் நின்று கேட்டவர்க்கும், மாவிட்டபுரத்திலோ செல்லச்சந்நிதியிலோ இரவுத் திருவிழாவுக்கு விழித்திருந்தவர்க்கும் இதை விளக்கவேண்டியதில்லை. ஒத்து ஒன்றை மாத்திரம் துணைகொண்டு நாதஸ்வரம் ஆலாபனை செய்யும் நெடுநேரத்தில் தவில்கள் மௌனமாயிருப்பதும், இடையிடையே விரல்நுனியால் ஓரிரு சொல் உதிர்ப்பதும், பின்னர் பல தவில்கள் கூடிய மேளச்சமாவிலே ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு உச்சத்துக்கு ஏறுவதும் ஒரே கட்டுக்கோப்பின் அங்கங்கள். மௌனத்தையும் முழக்கத்தையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவருவதையே வெற்றியாகக் கருதும் கருவியிடம் இச்சங்கீதத்தை ஒப்படைத்தால், ஆலாபனை முழுவதும் கூட்டத்தின் சலசலப்பும் கச்சான்காரியின் கூவலும் மேலெழுந்து நாதஸ்வரத்தோடு போட்டியிட, சமா வந்ததும் எல்லாம் சுருங்கிப்போகின்றன. கச்சான்காரியின் குரலும் ஓர் ஆவணமே என்று எவரேனும் வேடிக்கையாகச் சொல்லலாம். ஆட்சேபமில்லை, அவள் இருந்த தூரத்திலேயே இருக்கட்டும்.

இங்கே எதிர்த்தரப்பினர் ஒரு கேள்வி கேட்பார்கள்: “நீர் சொல்வது நல்ல ஒலிப்பதிவுகளுக்குப் பொருந்தும், நம்முடையவை எப்படிப்பட்டவை என்று தெரியாதா?” தெரியும். அதனாலேயே மறுக்கிறேன். நம் நாடாக்களிற் பெரும்பாலானவை திருவிழாக் கூட்டத்தில் ஒருவர் மடியில் வைத்திருந்த கையடக்க ரேப்ரெக்கோடரில் பதியப்பட்டவை. அக்கருவிகளில் ஒலியளவைத் தாமே சரிசெய்துகொள்ளும் பொறி ஒன்று உள்ளிருந்தது. தவில் பலத்து ஒலித்ததும் அது எல்லாவற்றையும் தாழ்த்தும். தவில் ஓய்ந்ததும் ஓரிரு விநாடிக்கு மேலாக மெல்ல மெல்ல உயர்த்தும். அதாவது அந்தச் சங்கீதம் பதியப்பட்ட கணத்திலேயே ஒருமுறை அமுக்கப்பட்டுவிட்டது. ஏற்கெனவே முழு ஒலியும் ஒருங்கே மேலும் கீழும் போய்வந்த ஒன்றை, இப்போது ஐந்து துண்டாக வெட்டி ஒவ்வொரு துண்டையும் மேலும் கீழும் அசைப்பது பழுதுபார்ப்பாகாது. முன்னிருந்த பழுதின்மேல் அதனோடு இசையாத ஐந்து பழுதுகளை ஏற்றுவதாகும்.

பின்னர் அந்நாடாக்கள் பட்ட பாட்டையும் எண்ணவேண்டும். 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையின் ஆண்டுகளில் குடாநாட்டுக்கு மின்சாரமில்லை. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி மிதியைக் கையாற் சுழற்றி டைனமோவின் மின்னோட்டத்திலே வானொலியும் ஒலிநாடாவும் கேட்டது நம் தலைமுறை. 1995 ஒக்டோபரில் வலிகாமமே பெயர்ந்து தென்மராட்சிக்குச் சென்றபோது மூட்டைக்குள் மூட்டையாகப் போனவை போக, வீட்டில் விட்டுச்சென்றவை எத்தனையோ. மீந்தவை பிரதியின் பிரதிகள். ஒவ்வொரு பிரதிக்கும் மேற்சுருதி கொஞ்சம் தேயும். இரைச்சல் கொஞ்சம் ஏறும். தேய்ந்த மேற்பட்டையை அமுக்கி, அமுக்கியதற்கு ஈடாக உயர்த்தினால் உயர்வது தேய்ந்துபோன நாதமன்று, இரைச்சலே. தட்டுக்கும் தட்டுக்கும் இடையில் அந்த இரைச்சல் மூச்சுவிடுவதுபோல எழுந்து எழுந்து அடங்கும். அதைக் கேட்டுப் பொறாமல் இரைச்சல் நீக்கும் மென்பொருளை அதன்மேல் ஏவுவார்கள். அது வலந்தலையின் விரற்சொற்களையும் இரைச்சலென்று கருதித் துடைத்துவிடும். நான் கேட்ட ஒரு வெளியீட்டில், ஊரும் பேரும் வேண்டாம், தனி ஆவர்த்தனத்தின் நுண்ணிய பகுதி முழுவதும் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் இருந்தது. உறையிலே ‘நவீன தொழில்நுட்பத்தில் மெருகூட்டப்பட்டது’ என்று அச்சிட்டிருந்தார்கள்.

அப்படியானால் செய்யவேண்டியது என்ன என்று கேட்பது முறை. வேலை கொம்பிரசரிலே தொடங்கவில்லை, நாடா ஓடும் கருவியிலே தொடங்குகிறது. நாடாவைப் படிக்கும் தலையின் சாய்வை அந்தந்த நாடாவுக்கு ஏற்பத் திருகாணியால் சரிசெய்தாலே, தொலைந்ததென்று நினைத்த மேற்சுருதியிற் பெரும்பகுதி தானே திரும்பிவருவதைக் கண்ணெதிரே காணலாம். ஐந்து பட்டைகள் செய்ய இயலாததை ஒரு திருகாணி செய்துவிடுகிறது. டொல்பி முறையில் பதியப்பட்ட நாடாவை அம்முறையிலேயே ஒலிக்கச்செய்யவேண்டும். அடுத்தது வேகம். விநாடிக்கு 4.76 சென்றிமீற்றர் ஓடவேண்டிய நாடா, பற்றரி இறங்கிய கருவியில் மெதுவாக ஓடிப் பதிந்திருந்தால், இன்று சரியான வேகத்தில் ஓட்டும்போது சுருதி ஏறி ஒலிக்கும். நாடாவின் முடிவை நெருங்க நெருங்க அந்த ஏற்றம் வளரும். ஒத்தின் சுருதியைப் பிடித்துக்கொண்டு இதைப் படிப்படியாகத் திருத்தலாம். நாதஸ்வரம் காதைக் குத்துகிறது என்ற அன்பர்கள் பலருக்கும் மெய்யாகவே குத்தியது இந்த ஏறிய சுருதியே என்பது என் அனுபவம். மின்சாரத்தின் 50 ஹேர்ட்ஸ் ரீங்காரம் இருந்தால் அதற்குக் கூரிய வடிகட்டி உண்டு. ஜெனரேற்றரில் நடந்த திருவிழாவாயின் அந்த ரீங்காரம் நிலையாக நில்லாது, அதைத் தொடர்ந்து சென்று நீக்கவேண்டும். நாடா முழுவதும் மாறாது நிற்கும் நிறக்குறைக்கு ஈக்குவலைசர் போதும். குறை மாறாதிருக்கும்போது பரிகாரமும் மாறாதிருப்பதே பொருத்தம். உட்பொறி உயர்த்தியும் தாழ்த்தியும் வைத்த ஒலியளவை, கணினியிலே கையாற் கோடு வரைந்து, தவில் ஓய்ந்த இடத்தில் தாழ்த்தியும் தவில் வந்த இடத்தில் உயர்த்தியும் மீட்கலாம். ஒரு மணி நேரக் கச்சேரிக்கு இரண்டு மூன்று நாள் பிடிக்கும் வேலை இது. மல்டிபாண்ட் கொம்பிரசருக்கு மூன்று நிமிடம் போதும். அந்தக் கருவியின் கீர்த்திக்கு மூலகாரணம் இந்த வித்தியாசந்தான் என்று சொன்னால் சிலர் கோபிப்பார்கள், கோபிக்கட்டும்.

உரப்பின் நியாயம் இனியும் எஞ்சியிருக்கிறது: மற்றவர் வெளியீடுகளுக்குச் சமமாக ஒலிக்காவிட்டால் நம்முடையதை யார் கேட்பார்? பத்து ஆண்டுகளுக்கு முன் இதற்குச் சற்று வலுவிருந்தது. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2006இல் ஒலியின் உரப்பை அளக்கும் பி.எஸ். 1770 என்னும் பிரமாணத்தை வகுத்தபின், இணைய இசைச் சேவைகள் அந்த அளவைக் கொண்டு ஒவ்வொரு வெளியீட்டையும் தாமே ஒரு மட்டத்துக்குக் கொண்டுவருகின்றன. ஸ்பொட்டிஃபை கொண்டுள்ள மட்டம் அவ்வளவையில் மைனஸ் 14. நீங்கள் அரும்பாடுபட்டு அமுக்கி மைனஸ் 8இல் கொண்டுபோய்க் கொடுத்தால், அவர்கள் ஆறு டெசிபலைக் குறைத்துவிட்டு மற்றவர்களோடு நிறுத்துகிறார்கள். உரப்பு போய்விட்டது, அமுக்கத்தால் இழந்த தவிலின் உச்சம் மாத்திரம் திரும்பிவரவில்லை. கைத்தொலைபேசியின் சிறிய ஒலிபெருக்கியோ 200 ஹேர்ட்ஸுக்குக் கீழே ஏறக்குறைய ஒன்றையும் ஒலிப்பதில்லை. அதில் கேட்பவருக்காகத் தொப்பியின் முழக்கத்தை அடக்கினோம் என்பது கேளாத ஒன்றை அடக்கிய பெருமையே.

மேல்நாட்டுப் பெரிய கூடங்களெல்லாம் இதைப் பயன்படுத்துகின்றனவே என்பார்க்கு நீண்ட விடை வேண்டியதில்லை. அங்கே அது பெட்டியில் இருக்கும் பல உபகரணங்களில் ஒன்று. இங்கேதான் அது சடங்கு. எவ்வகை அமுக்கமும் பாவம் என்னும் மறுகோடித் தூய்மைவாதமும் எனக்கு உடன்பாடன்று. கலவையைத் திருத்த வழியற்ற ஒரு பதிவில் மண்டபத்தின் ஒரேயொரு சுருதி மாத்திரம் குமுறி எழுமாயின், அந்த ஒற்றை இடத்தை அந்த வேளையில் மாத்திரம் பிடித்துவிடுவது வைத்தியமே. பாடகரின் ‘ச’கரச் சீறலைத் தணிப்பதும் அவ்வாறே. புதிதாகப் பதியப்படும் கோயிற் பக்திப் பாடல்களில், கீபோர்டும் தாளப்பொறியும் சேர்ந்தவற்றில், இதைப் பிரயோகிப்போரோடு எனக்கு வழக்கில்லை. அங்கும் தவிலுக்கெனத் தனி மைக் வைத்துப் பதிந்திருந்தால், கலவையிலேயே தவிலைக் குறைத்துக்கொள்ளாமல் மாஸ்டரிங்கில் வந்து துண்டுபோடுவது ஏன் என்று மட்டும் கேட்பேன்.

நம் குடாநாட்டுக்குப் பழையதைப் பதிப்பிக்கும் கலை புதிதன்று. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1881இல் வீரசோழியத்தையும் 1887இல் கலித்தொகையையும் அச்சேற்றியபோது அவர் கையில் கிடைத்தவை செல்லரித்த ஏடுகள்; தொட்டால் ஓரம் ஒடிந்து உதிர்ந்தவை. அந்நிலையில் தாம் ஏடு தேடிய பாட்டையும், ஏடுகள் இருந்த நிலையையும் பதிப்புரையிலே எழுதிவைத்தார். படிப்பவர் தாம் எதை நம்பலாம், எதை ஐயுறவேண்டும் என்று அறிய அது துணையாயிற்று. இன்று 2005 முதல் நூலக நிறுவனம் ஈழத்து அச்சுநூல்களை மின்வடிவாக்கும்போதும் பக்கத்தை உள்ளபடியே தருகிறது. எழுத்து மங்கியிருந்தால் மங்கியபடியே. ஒலியை வெளியிடுவோருக்கு மட்டும் இந்த நியதி ஏன் இல்லாது போயிற்று? எந்த நாடா, எத்தனையாவது பிரதி, எவ்வளவு வேகத் திருத்தம், எந்த வடிகட்டி என்று இறுவட்டின் உறையில் நாலு வரி அச்சிட்டால் இடம் போதாமற் போகுமா? உபயகாரர் பெயர்களுக்கு இரண்டு பக்கம் இருக்கிறதே.

மருதனார்மடத்து இராமநாதன் நுண்கலைக் கழகத்தின் வழிவந்த யாழ்ப்பாணப் பல்கலைக்கழக இசை மாணவர்களுக்கும், வீட்டு அலுமாரியில் நாடா வைத்திருக்கும் ரசிகர்களுக்கும் ஒரு வேண்டுகோளையும் இங்கே வைக்கிறேன். எந்தப் பக்குவமும் செய்யாத பிரதியொன்றை, 24 பிட்டில், 96 கிலோஹேர்ட்ஸில் எடுத்து, இரண்டு இடங்களில் வைத்தபின்னரே மெருகூட்டும் எவரிடமும் நாடாவைக் கொடுக்கவேண்டும். கொடுத்தாலும் நாடாவைத் திரும்ப வாங்கிக்கொள்ளவேண்டும். இறுவட்டு வந்துவிட்டதே, இனி இந்தப் பழசு எதற்கென்று நாடாவைக் குப்பையோடு எரித்துவிடும் வழக்கம் நம் வீடுகளில் பரவியிருக்கிறது. அவ்வாறு எரிந்தபின் கையில் மிஞ்சுவது ஐந்து பட்டையாகப் பிரிந்து சேர்ந்த பிரதி ஒன்றே. அதிலிருந்து பழைய தொப்பியடியை மீட்டெடுக்கும் கருவி இதுவரை எவராலும் செய்யப்படவில்லை.